பெற்றவள் சொல்லும் பெயர்

பெண்குழந்தைக்குப் பெயர் வைப்பதிலே கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேற்றுமை என்றால், ஊர் சிரிக்கிறது. "சோற்றுக்குச் சண்டையிட்டால் பொருள் உண்டு, சொத்துக்குச் சண்டையிட்டால் பொருள் உண்டு, ஒரு சொல்லுக்கா சண்டை?" என்று திண்ணையிலே அமர்ந்திருப்போர் கேலி பேசுகிறார்கள். சிரிக்கட்டும். ஆனால், அன்பர்களே, சிரித்து முடித்த பிறகு சற்றே சிந்திக்கவும் வேண்டும். அந்த ஒரு சொல்லைத் தவிர, இந்த நாட்டிலே ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுதும் சொந்தமாக நிலைத்து நிற்பது வேறு என்ன?

எண்ணிப் பாருங்கள். ஆண்மகனுக்குத் தொட்டிலிலே கிடைத்த முன்னெழுத்து, சுடுகாடு வரையில் துணை வருகிறது. பெண்ணுக்கோ, பிறக்கும்போது தந்தையின் முன்னெழுத்து. மணமானதும், இன்றும் பெரும்பாலான வீடுகளிலே, கணவனின் முன்னெழுத்து. பிறந்த வீடு மாறுகிறது. பிறந்த ஊர் மாறுகிறது. குடும்ப அட்டை மாறுகிறது. வாக்காளர் பட்டியலிலே இன்னாரின் மகள் என்றிருந்தது, இன்னாரின் மனைவி என்று மாறுகிறது. இத்தனையும் மாறிய பிறகும் மாறாமல் எஞ்சுவது, தொட்டிலருகே குனிந்து காதோடு மூன்று முறை சொன்னார்களே, அந்தப் பெயர் ஒன்றுதான்! எஞ்சுவது ஒன்றே என்றால், அந்த ஒன்றை யார் தருவது என்ற கேள்வி சிறு கேள்வி ஆகுமா?

நெடுங்காட்டிலே நடப்பதாக ஒரு நாடகக் காட்சி எழுது என்று என்னைக் கேட்டால், இப்படித்தான் எழுதுவேன். காவிரியின் கடைமடை, காரைக்கால் மாவட்டத்துக் கொம்யூன், சுற்றிலும் வயல், நடுவே ஒரு வீடு, கூடத்திலே தொட்டில்.

கணவன்: என் தாயின் பெயரைத்தான் வைக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

மனைவி: அத்தான், அத்தையின் பெயர் நல்ல பெயர்தான். ஆனால், என் தாய்க்கும் ஒரு பெயர் உண்டே!

மாமியார்: முதற்பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பெயர், அம்மா. உன் தாயார் பெயரை அடுத்த குழந்தைக்குப் பார்த்துக்கொள்வோம்.

மனைவி: அடுத்தது வேண்டாம் என்று உங்கள் மகன்தானே அத்தை முடிவு செய்திருக்கிறார்!

சோதிடர்: இரண்டு பெயருமே ஆகா. அசுவினி நட்சத்திரம். சு, சே, சோ, லா. இந்த நான்கில் ஒன்றிலே தொடங்க வேண்டும்.

பிரான்சிலிருந்து தொலைபேசியில் சிற்றப்பன்: எதை வைத்தாலும் வெள்ளைக்காரன் வாயிலே நுழைகிற பெயராக வையுங்கள்.

தொட்டிலில் இருப்பவள்: (அழுகிறாள்.)

காட்சி கற்பனைதான். ஆனால், இதிலே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கணவன் பேசுவது ஆணை. மாமியார் பேசுவது மரபு. சோதிடர் பேசுவது சாத்திரம். சிற்றப்பன் பேசுவது நாகரிகம். மனைவி பேசுவது மட்டும் விண்ணப்பம்! பத்துத் திங்கள் சுமந்தவள், பந்தியிலே கடைசி இலைக்குக் காத்திருப்பவள் போலத் தன் முறைக்குக் காத்து நிற்கிறாள்.

முதலிலே மரபைப் பார்ப்போம். மரபு என்றதும் மிரள வேண்டியதில்லை. மரபிலேயே மருந்தும் இருக்கிறது. பேரன், பேத்தி என்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி என்ற சொற்களின் மருவு. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்கியவர் என்று பொருள். அழகான சொல்தான். ஆனால், எந்தப் பாட்டியின் பெயரை என்று அந்தச் சொல் சொல்லவில்லையே! தாயைப் பெற்றவளுக்கும் அவள் பெயர்த்திதானே? தந்தையைப் பெற்றவளுக்கு முதலுரிமை என்பது சொல்லிலே இல்லை. நம் வீட்டிலே நாம் சேர்த்துக்கொண்டது.

அன்று அந்த வரிசை அவ்வளவாக வலிக்கவில்லை. ஏன்? வீட்டுக்கு நான்கு, ஐந்து குழந்தைகள். முதற்பெண்ணுக்கு அப்பாயி பெயர் என்றால், இரண்டாம் பெண்ணுக்கு அம்மாயி பெயர். முறை எல்லோருக்கும் வந்தது. இன்று? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு இரண்டுக்கும் கீழே. ஒரு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டிலே, "அடுத்ததுக்குப் பார்க்கலாம்" என்பது நாகரிகமான மறுப்பே தவிர வேறல்ல. குடும்பம் சுருங்கிவிட்டது, வரிசை மட்டும் பழையபடியே நிற்கிறது. இன்று வீட்டுக்கு வீடு எழும் பூசலுக்கு இதுவே வேர். பெண்கள் புதிதாகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு வர வேண்டிய முறை வராமலே போய்விட்டது.

அடுத்து, சாத்திரம். சு, சே, சோ, லா என்கிறார் சோதிடர். லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலெழுத்து ஆகாது என்று தொல்காப்பியம் வரையறுத்துவிட்டதே! தமிழச்சியின் நெற்றியிலே தமிழ் இலக்கணத்துக்கே அடங்காத எழுத்தை ஒட்டச் சொல்லும் சாத்திரம் யாருக்காக எழுதப்பட்டது?

எண் கணிதக்காரர் இன்னும் வேடிக்கை. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி ஆயுளையும் ஆதாயத்தையும் சொல்கிறார். காரைக்கால்காரர்கள் இதைக் கேட்டு முதலில் சிரிக்க வேண்டும். முத்து என்ற பெயரின் உகரத்தை ஆங்கிலேயன் ஓரெழுத்தால் எழுதினான். பிரெஞ்சுக்காரன் ஈரெழுத்தால் எழுதினான். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த இந்த மண்ணிலே, பழைய பிறப்புப் பதிவேட்டில் ஒரு கூட்டுத்தொகை. எல்லைக் கல்லைத் தாண்டித் தஞ்சைத் தரணிக்குள் கால் வைத்தால் அதே பெயருக்கு வேறொரு கூட்டுத்தொகை! அப்படியானால், ஒரே மனிதனின் விதி ஆட்சியாளன் எழுத்துக்குத் தக்கவாறு ஆற்றுக்கு இக்கரையில் ஒன்று, அக்கரையில் ஒன்றா?

மரபும் சாத்திரமும் கிடக்கட்டும். இலக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் கடற்கரையே சான்று சொல்கிறது.

காரைக்காலிலே வாழ்ந்த புனிதவதியாரின் கதையை அறியாதார் யார்? மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் அதை நினைவூட்டுகிறது. கணவன் பரமதத்தன் அஞ்சிக் கடல் கடந்தான், பின் பாண்டிநாட்டு நகரொன்றிலே குடியேறி வேறொரு வணிகன் மகளை மணந்தான், பெண்குழந்தை பிறந்தது. அதற்குத் தன் முதல் மனைவியின் பெயரையே இட்டான் என்கிறது பெரியபுராணம். அவன் பக்தியைப் போற்றுவோர் போற்றட்டும். நான் கேட்பது வேறு. அந்தக் குழந்தையைப் பெற்றவள் என்ன நினைத்தாள்? தன் வயிற்றிலே பிறந்த மகளைக் கூப்பிடும்போதெல்லாம் கணவனின் முன்னாள் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமே, அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. அவளுடைய பெயரைக்கூட நமக்குச் சொல்லவில்லை!

காரைக்காலுக்கு வடக்கே, அதே கடலோரத்திலே புகார். மாதவி மகளைப் பெற்றாள். என்ன பெயர் வைப்பது என்று முதுகணிகையர் கேட்டபோது, தன் முன்னோனைக் கடலிலே காத்த தெய்வத்தின் பெயரைச் சொன்னான் கோவலன். மணிமேகலை! எத்தனை இனிய பெயர்! ஆனால், மாதவியின் மனத்திலே எந்தப் பெயர் இருந்தது என்பது சிலம்பிலே இல்லை. பெயரைத் தந்தவன் பிரிந்தான். வளர்த்தவள் மாதவி. கணிகையர் வாழ்வு வேண்டாம் என்று மகளை அறநெறியிலே நிறுத்தியவள் மாதவி. பெயர் தருவதிலே இடம் இல்லாதவளுக்கு, பேணி வளர்ப்பதிலே முழுச் சுமை! அன்று தொடங்கிய கணக்கு இன்னும் நேராகவில்லை.

ஆனால், ஒன்று. அதே புனிதவதியார், தம் பாடல்களிலே தம்மைக் காரைக்காற்பேய் என்றே குறித்துக்கொண்டார். பெற்றோர் வைத்த பெயரை விடுத்துத் தமக்குத் தாமே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். பெண்ணுக்குப் பெயரைத் தெரிவு செய்யத் தெரியாது என்று இனி இந்த மாவட்டத்திலே எவரும் சொல்ல முடியாது!

பெண்கள் பெயர் வைத்தால் அது நிற்குமா என்று ஐயுறுவோருக்கும் ஒரு விடை உண்டு. 1938 நவம்பரில் சென்னையிலே, மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ரா.வை இனிப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பெற்றோர் இட்ட பெயரை விடப் பெண்கள் இட்ட பெயரே இன்று நாவிலே நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டமும் நெடுநாள் தந்தையின் பக்கமே சாய்ந்து நின்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் "தந்தை, அவருக்குப் பின் தாய்" என்றது. "பின்" என்றால் என்ன? தந்தை செத்த பின்னா? எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கிலே, 1999-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் புதுப்பொருள் தந்தது: தந்தை உயிரோடிருந்தும் பொறுப்பேற்காத இடத்திலே தாயே காப்பாளர் ஆகலாம் என்றது. 2022-இல், கணவனை இழந்து மறுமணம் புரிந்த ஒரு தாயின் வழக்கிலே, குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யும் உரிமை, ஒரே இயற்கைக் காப்பாளரான அந்தத் தாய்க்கு உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்பது ஆண்டு, அறுபது ஆண்டு என்று நடந்து, நீதி மெல்ல மெல்லத் தொட்டிலருகே வந்து சேர்ந்திருக்கிறது.

இனி, நம் பொருளுக்கு நேரான வழக்குக்கு வருவோம். மேற்கு மலைக்கு அப்பால், கேரளத்திலே நடந்தது. ஒரு பெண்குழந்தை. தாய்க்கு ஒரு பெயர், தந்தைக்கு ஒரு பெயர். இருவரும் பிரிந்து வாழ்பவர்கள். பிறப்புச் சான்றிதழிலே பெயருக்குரிய இடம் வெற்றிடமாகவே கிடந்தது. பள்ளியிலே சேர்க்கப் போனால், பெயரில்லாத சான்றிதழ் செல்லாது என்றார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போனால், இருவரும் சேர்ந்து வாருங்கள் என்றார்கள். சேர்ந்து வரக்கூடியவர்களாக இருந்தால், அந்தக் குழந்தைக்கு அந்தக் கதி வந்திருக்குமா?

2023 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்த முடிச்சை அவிழ்த்தது. பெயரைத் தெரிவிக்கும் கடமையைப் பற்றிப் பேசும் சட்டம், தாய் தந்தை இருவரும் வந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தவில்லை என்று எடுத்துக்காட்டியது. பெற்றோரின் உரிமைப் போரைவிடக் குழந்தையின் நலனே பெரிது என்று கூறி, பெயரைத் தானே முடிவு செய்தது. எப்படி? குழந்தை தாயிடம் வளர்கிறது. ஆகவே தாய் சொன்ன பெயர். தந்தை யார் என்பதிலே ஐயமில்லை. ஆகவே அதன் பின்னே தந்தையின் பெயர். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால், அது வந்தபோது குழந்தை மூன்று வயதைக் கடந்துவிட்டது! மூன்றாண்டு காலம், இரண்டு பெயர்கள் மோதிக்கொண்டதிலே, அவளுக்குச் சட்டத்தின் கண்ணிலே ஒரு பெயரும் இல்லை.

பெண்குழந்தைக்கு மட்டுமா இந்த நிலை? கர்நாடகத்து உன்சூரிலே ஆண்குழந்தை ஒன்றின் பெயருக்காக மணமுறிவு வரை போன கணவன் மனைவிக்கு, மூன்றாண்டுப் பூசலுக்குப் பின், 2024 டிசம்பரில் நீதிபதிகளே பெயர் தேர்ந்து தந்து, மாலை மாற்ற வைத்து அனுப்பினார்கள். மணமேடையிலே மாற்றிய மாலையை நீதிமன்றத்திலே மறுபடி மாற்றும் நிலை!

இந்த வழக்குகளிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் என்ன? என் கருத்தை ஒளிக்காமல் உரைக்கிறேன். கணவனும் மனைவியும் பேசி ஒரு பெயருக்கு வந்தால், அதைவிட நன்று வேறில்லை. வர முடியாவிட்டால், முன்னெழுத்து தந்தையுடையதாக இருக்கும் வரையில், பெயரிலே முடிவான சொல் தாயுடையதாக இருக்கட்டும்! தந்தைக்கு ஏற்கெனவே ஒரு பங்கு உண்டு; அது அவன் கேளாமலே, எவரும் வாதாடாமலே, முன்னால் வந்து அமர்ந்துவிடுகிறது. பாதியை வாதமின்றிப் பெற்றவன், மறுபாதிக்கும் வாதாடுவது முறையா? கேரளத்து நீதிமன்றம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடமும் இதுதானே: பெயர் தாயுடையது, பின்னொட்டு தந்தையுடையது.

"இது ஆண்களுக்கு அநீதி" என்பார்கள். அப்படியானால் முன்னெழுத்தையும் பகிர்ந்துகொள்ளுங்கள். தாய், தந்தை இருவர் முன்னெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் தமிழ்நாட்டிலே பெருகி வருகிறார்கள். அப்போது பெயரிலும் இருவர்க்கும் சரிபாதி. ஒருபுறம் மட்டும் பாகப்பிரிவினை கேட்பது பாகப்பிரிவினை ஆகாது.

நம் காரைக்காலுக்கு இந்தச் சிந்தனை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. 1881-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணை, தம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பிய தமிழர்களைக் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னது. 1873-இல் காலணியோடு நீதிமன்றம் ஏறியதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசு வரையில் முறையிட்டு வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பொன்னுத்தம்பி லபோர்த் ஆனார். சாதிப் பின்னொட்டு போயிற்று. வாசற்கதவு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் வந்தது. கதவு திறந்தது ஆணுக்குத்தான். அவன் பெயரே மனைவிக்கும் மக்களுக்கும் பெயராயிற்று. ஆனால், அந்தப் பிரான்சே இன்று அந்த இடத்தில் நிற்கவில்லை. குடும்பப் பெயரைப் பற்றிப் பெற்றோருக்குள் கருத்து வேற்றுமை எழுந்தால், இருவர் பெயரையும் அகரவரிசையிலே சேர்த்து எழுது என்கிறது 2013-இல் திருத்தப்பட்ட சட்டம். காரைக்காலிலே இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் உண்டு. கடல் கடந்து போன தமிழனின் மகளுக்குக் கிடைக்கும் சமநீதி, நெடுங்காட்டு வயலோரத்திலே பிறந்த மகளுக்குக் கிடைக்கக் கூடாதா?

தாய்மார்களுக்கும் ஒரு சொல். உரிமை வந்தால் பொறுப்பும் வரும். வெறுப்பிலே வைக்கும் பெயரும் பெயர்தான். தமிழ்நாட்டிலே வேண்டாம் என்றும், போதும்பொண்ணு என்றும் பெயர் தாங்கிய பெண்கள் உண்டு. ஆண்குழந்தைக்கு ஏங்கியோர் தம் ஏமாற்றத்தைக் குழந்தையின் தலையிலே ஏற்றிய கொடுமை அது. மராட்டிய மாநிலம் சதாராவிலே, வேண்டாதவள் என்று பொருள்படும் நகுசா, நகுசி என்னும் பெயர்களைச் சுமந்த 285 பெண்களுக்கு, 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். பலர் தாமே தம் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே, எந்தப் பாட்டியின் பெயர் என்று கேட்கும் முன், எந்தத் தலைவியின் பெயர் என்று கேட்கும் முன், பள்ளியிலே எழுந்து நின்று இவள் இதைத் தலைநிமிர்ந்து சொல்வாளா என்று கேளுங்கள். பொருள் என்ன என்று பிறர் கேட்டால் விடை சொல்லத் தெரிய வேண்டும். அது அவளுடைய தாய்மொழியிலே இருந்தால் விடை தானே வரும்.

அந்தப் பெயர் எங்கெங்கு போகும் என்று இப்போது யாருக்குத் தெரியும்? நெடுங்காட்டுத் தொகுதியிலே வென்ற சந்திர பிரியங்கா 2021-இல் புதுச்சேரியின் அமைச்சரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே அமைச்சரான பெண் அவர். வாக்குப்பதிவு இயந்திரத்திலே ஊர் தேடி அழுத்துவது பெயரைத்தானே? இன்று தொட்டிலிலே உறங்குபவளின் பெயர் நாளை எந்தப் பலகையிலே எழுதப்படுமோ!

கடைசியாக, கால அளவை மறவாதீர்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை காலதாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால், சேர்க்கலாம் என்பதற்காகக் காத்திருக்கலாகாது. திருத்தப்பட்ட சட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. அதன் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. அதிலே பெயருக்குரிய வெற்றிடம், அவள் வாழ்விலே வெட்டப்படும் பள்ளம்.

ஆகவே, நெடுங்காட்டுத் தந்தையரே! தோற்பதற்கு அஞ்சாதீர்கள். பெற்றவள் சொல்லும் பெயரை ஏற்றுக்கொண்டவன் தோற்றவன் அல்லன். மகளுக்கு முதல் பரிசைத் தடுக்காதவன். தாயும் தந்தையுமாகக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தின் படியேறுங்கள். பெயரைச் சொல்லும் வாய் தாயுடையதாக இருக்கட்டும். அருகிலே நின்று "ஆம், அதுதான்" என்று சொல்லும் வாய் தந்தையுடையதாக இருக்கட்டும். வெற்றிடம் நிரம்பட்டும்!